ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள்: சேரும் முன் அறிய வேண்டியவை

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பகுதிகளில் ஒவ்வோர் ஆண்டும் ரிசல்ட் வந்த கையோடு நம் வீடுகளில் ஒரு பேச்சு எழுகிறது. "எம்.காம். சேர்ந்தாச்சு, கூடவே கரஸ்ல எம்.பி.ஏ.வும் போட்டுடலாமா?" "பொண்ணு எம்.எஸ்சி. படிக்கிறா, அதே யுனிவர்சிட்டியில எம்.ஏ. அரபியும் எழுதலாமா?" "ரெண்டும் ஒண்ணா படிச்சா செல்லாதுன்னு சொல்றாங்களே, உண்மையா?"

ஒரு காலத்தில் இதற்குச் சட்டென்று "கூடாது" என்று பதில் சொல்லிவிடலாம். இன்று அப்படிச் சொல்ல முடியாது. அதேபோல் "தாராளமாகச் சேரலாம்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லவும் முடியாது. இரண்டுக்கும் நடுவில் சில நிபந்தனைகள் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் பணம் கட்டியவர்கள், பல ஆண்டுகள் கழித்துச் சான்றிதழ் சரிபார்ப்பு மேசைக்கு முன்னால்தான் அதன் விலையை அறிகிறார்கள். அந்த நிலை நம் பிள்ளைகளுக்கு வரக் கூடாது என்பதற்காக, சட்டம், நடைமுறை, நேரம், பணம் ஆகிய நான்கு கோணங்களிலும் இதைப் பார்ப்போம்.

"கூடாது" என்பது "கூடும்" ஆன கதை

ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் என்ற யோசனை புதிதல்ல. 2012ஆம் ஆண்டிலேயே பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., கல்வியாளர் ஃபுர்கான் கமர் தலைமையில் ஒரு குழுவை அமைத்து இதை ஆராயச் சொன்னது. ரெகுலராக ஒரு பட்டம் படிக்கும் மாணவர், கூடுதலாக ஒரே ஒரு பட்டத்தைத் தொலைதூரக் கல்வியில் படிக்கலாம், அது அதே பல்கலைக்கழகமாகவும் இருக்கலாம், வேறு பல்கலைக்கழகமாகவும் இருக்கலாம் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. இரண்டையும் ரெகுலராகப் படிப்பதை மட்டும் அது ஏற்கவில்லை.

அந்தப் பரிந்துரை அப்போது நடைமுறைக்கு வரவில்லை. தொழிற்கல்விக் கவுன்சில்கள் ஆதரவு காட்டாததால், பழைய விதிகளையே பின்பற்றுங்கள் என்று 2016 ஜனவரியில் யு.ஜி.சி. பல்கலைக்கழகங்களுக்கு அறிவித்துவிட்டது. நம் பகுதியில் இன்றும் பலர் "செல்லாது" என்று சொல்வது அந்தக் காலத்து நினைவில்தான்.

நிலைமை மாறியது 2022 ஏப்ரலில். புதிய கல்விக் கொள்கையை ஒட்டி, இரண்டு படிப்புகளை ஒரே நேரத்தில் படிப்பதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை யு.ஜி.சி. வெளியிட்டது. அதன்படி மூன்று வழிகள் திறந்தன.

முதலாவது, இரண்டையுமே நேரடி வகுப்பில் படிக்கலாம். ஆனால் ஒன்றின் வகுப்பு நேரம் மற்றொன்றின் நேரத்தோடு மோதக் கூடாது.

இரண்டாவது, ஒன்றை நேரடி வகுப்பிலும் மற்றொன்றைத் தொலைதூரக் கல்வியிலோ ஆன்லைனிலோ படிக்கலாம்.

மூன்றாவது, இரண்டையுமே தொலைதூரக் கல்வியிலோ ஆன்லைனிலோ படிக்கலாம். இரண்டுக்கு மேல் கூடாது.

இந்த அனுமதி பி.எச்டி. படிப்புக்குப் பொருந்தாது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் ஆட்சி அமைப்புகள் மூலம் இதற்கான நடைமுறையை வகுத்துக்கொள்ளலாம் என்றும் நெறிமுறை சொல்கிறது. இந்த வரி மிக முக்கியம். யு.ஜி.சி. அனுமதித்துவிட்டது என்பதாலேயே ஒவ்வொரு கல்லூரியும் சேர்த்துக்கொண்டே ஆக வேண்டும் என்று பொருள் இல்லை. நாம் சேரும் பல்கலைக்கழகத்தின் விதி என்ன என்பதைத் தனியாகக் கேட்டே ஆக வேண்டும்.

2022க்கு முன்பே இப்படி இரண்டு பட்டம் பெற்றுவிட்டவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. முதலில் வந்த நெறிமுறை, பழையவர்கள் இதைக் காட்டிச் சலுகை கோர முடியாது என்றது. 2025 ஜூனில் யு.ஜி.சி. அதைத் திருத்தியது. அன்றைய யு.ஜி.சி. விதிகளுக்கும் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விதிகளுக்கும் உட்பட்டுப் படித்திருந்தால் அந்தப் பட்டங்களும் செல்லும் என்பது திருத்தத்தின் சாரம். பழைய மார்க் ஷீட்டைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் அண்ணன்மார், அக்காமார் இதைக் கவனிக்கவும்.

வெளிநாட்டு "டூயல் டிகிரி"யும் நம் ஊர் முறையும்

அமெரிக்காவில் சட்டமும் மேலாண்மையும் சேர்த்துப் படிக்கும் கூட்டுப் படிப்புகள் பிரபலம். தனித்தனியாகப் படித்தால் ஐந்து ஆண்டுகள் ஆகும் இரண்டு பட்டங்களை அங்கே பொதுவாக நான்கு ஆண்டுகளில் முடிக்கிறார்கள். காரணம், ஒரு படிப்பில் எடுத்த சில பாடங்களை மற்றொரு படிப்புக்கும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் "டூயல் டிகிரி" என்று சொல்லும்போது பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள்.

2022 நெறிமுறை தருவது அதையல்ல. இங்கே இரண்டும் தனித்தனிப் படிப்புகள். தனித்தனிச் சேர்க்கை, தனித்தனிக் கட்டணம், தனித்தனித் தேர்வு. மாணவரின் கிரெடிட்டுகள் சேமிக்கப்படும் "அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்" முறையிலும், ஒரு பட்டத்துக்காகப் பயன்படுத்திய கிரெடிட் கணக்கிலிருந்து கழிக்கப்பட்டுவிடும். அதையே இன்னொரு பட்டத்துக்குக் காட்ட முடியாது. ஆகவே இரண்டு பட்டம் என்றால் இரண்டு பட்டத்துக்கான முழு உழைப்பு. சலுகை விலையில் இரண்டாவது கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். தமிழ்நாட்டு ஆசிரியர்கள் மத்தியில் "இரட்டைப் பட்டம்" என்றால் வேறு பொருள். ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவர், ஓராண்டில் கூடுதலாக ஒரு பட்டம் பெறுவதை அப்படிச் சொன்னார்கள். அந்த ஓராண்டுப் பட்டத்தைப் பதவி உயர்வுக்கு மூன்றாண்டுப் பட்டத்துக்கு இணையாக ஏற்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாம் இங்கே பேசுவது அதுவல்ல. இரண்டுமே முழுக் காலப் பட்டங்களாக, ஒரே காலத்தில் படிப்பதைப் பற்றித்தான் பேசுகிறோம்.

ஒரே பல்கலைக்கழகம் என்றால் என்ன வசதி?

நம் பகுதிக்கு நெருக்கமான உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். பட்டாபிராமில் உள்ள இந்துக் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி. அதே பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி நிறுவனம் சேப்பாக்கத்தில் இருக்கிறது. 1981இல் அஞ்சல் வழிக் கல்வி நிறுவனமாகத் தொடங்கப்பட்டது அது. ஆவடியில் இருக்கும் ஒரு மாணவர், இணைந்த கல்லூரி ஒன்றில் ரெகுலராக முதுநிலைப் பட்டமும், சேப்பாக்கம் நிறுவனத்தில் வேறொரு முதுநிலைப் பட்டமும் படித்தால், இரண்டும் ஒரே பல்கலைக்கழகத்தின் பட்டங்கள்.

இதில் முதல் வசதி காகித வேலை குறைவது. வேறு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் தகுதிச் சான்றிதழ், மைக்ரேஷன் சான்றிதழ் என்று அலைய வேண்டும். அதைவிடப் பெரிய தலைவலி டி.சி. ஒரிஜினல் டி.சி. ஒன்றுதான் இருக்கிறது, கேட்பவர்களோ இரண்டு பேர். மாணவர்கள் இப்படிச் சிரமப்படாமல் இரண்டு படிப்புகளையும் தொடர வழி செய்யுங்கள் என்று யு.ஜி.சி. 2022 செப்டம்பர் இறுதியில் மீண்டும் ஒரு கடிதம் அனுப்ப வேண்டி வந்தது. ஒரே பல்கலைக்கழகம் என்றால் மைக்ரேஷன் பிரச்சினை எழாது. டி.சி. யாரிடம் இருக்க வேண்டும் என்பதை மட்டும் சேரும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வசதி தேர்வுக் காலம். இணைந்த கல்லூரிகளின் செமஸ்டர் தேர்வுகள் வழக்கமாக நவம்பர், ஏப்ரல் மாதங்களை ஒட்டி நடக்கும். தொலைதூரக் கல்வித் தேர்வுகள் வழக்கமாக டிசம்பர், ஜூன் மாதங்களை ஒட்டி வரும். ஒன்று முடிந்து மூச்சு வாங்கி அடுத்ததை எழுத வாய்ப்பு இருக்கிறது.

இரண்டையுமே இக்னோ என்னும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் படிக்க நினைப்பவர்களுக்கு நிலைமை வேறு. இரண்டு படிப்புகளுக்கும் தேர்வு அதே ஜூன், அதே டிசம்பர் பருவத்தில்தான். ஒரே நாளில், ஒரே நேரத்தில் இரண்டு படிப்பின் தாள்களும் வந்துவிடலாம். அப்படி வந்தால் ஒன்றை எழுதிவிட்டு மற்றதை அடுத்த பருவத்துக்குத் தள்ளத்தான் வேண்டும். முந்தைய பருவத்தின் தேர்வு அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாம் எடுக்கப்போகும் இரண்டு படிப்புகளின் தாள்களும் எப்படி விழுந்திருக்கின்றன என்று பார்த்துவிட்டுச் சேருவது புத்திசாலித்தனம்.

இரண்டையும் நேரடி வகுப்பில் படிப்பது சட்டப்படி சாத்தியம்தான். சென்னையில் பல கல்லூரிகள் காலை ஷிப்ட், மாலை ஷிப்ட் என்று இரண்டாக இயங்குகின்றன. ஆனால் 75 சதவீத வருகை இரண்டிலும் வேண்டும். ஆவடியிலிருந்தோ பூந்தமல்லியிலிருந்தோ நகரத்துக்குள் போய் வருவதற்கே நாளில் சுமார் மூன்று மணி நேரம் போய்விடும் பிள்ளைக்கு இது ஏட்டளவில் மட்டும் சாத்தியமான வழி.

எந்தப் படிப்புகளில் இந்தக் கதவு திறக்காது?

யு.ஜி.சி. அனுமதி இருந்தாலும் அந்தந்தத் துறையின் கவுன்சில் விதிக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும். நம் பிள்ளைகள் அதிகம் சேரும் சில படிப்புகளைப் பார்ப்போம்.

சட்டம்: இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள், சட்டப் படிப்போடு வேறொரு ரெகுலர் பட்டத்தை அதே பல்கலைக்கழகத்திலும் படிக்கக் கூடாது, வேறு பல்கலைக்கழகத்திலும் படிக்கக் கூடாது என்கின்றன. ஆனால் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வி மையம் நடத்தும் படிப்புக்கு அந்த விதியிலேயே விலக்கு இருக்கிறது. பட்டரைப்பெரும்புதூர் அரசு சட்டக் கல்லூரியில் படிக்கும் மாணவர் தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. படிக்கலாம். இன்னொரு ரெகுலர் பட்டம் படிக்கக் கூடாது.

பி.எட்.: பாட வகுப்புகளுக்கு 80 சதவீதம், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம் வருகை வேண்டும் என்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் விதி. பி.எட். படிக்கும்போதே எம்.ஏ.யும் முடித்துவிடலாம் என்று பலர் யோசிக்கிறார்கள். ஆசிரியர் வேலைக்கான சரிபார்ப்பில் ஒவ்வொரு தேதியும் பார்க்கப்படும். கல்லூரியும் பல்கலைக்கழகமும் எழுத்தில் சம்மதம் தந்தால் ஒழிய இதில் இறங்க வேண்டாம்.

பொறியியல், மருத்துவம், நர்சிங், பார்மசி: இவற்றைத் தொலைதூரக் கல்வியில் படிக்கவே முடியாது. எவராவது உண்டு என்று விளம்பரம் செய்தால் அது ஏமாற்று.

உளவியல், உணவும் ஊட்டச்சத்தும், மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி: இவற்றைப் பெண் பிள்ளைகள் விரும்பி எடுப்பதால் தனியாகச் சொல்கிறோம். சுகாதாரம் சார்ந்த இந்தப் படிப்புகளைத் தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் நடத்துவதை 2025 ஜூலை, ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து யு.ஜி.சி. நிறுத்திவிட்டது. "கரஸ்ல எம்.எஸ்சி. சைக்காலஜி" என்று இன்றும் யாராவது அழைத்தால் பணம் கட்டிவிட வேண்டாம்.

பட்டம் செல்லுமா என்பதை எப்படிப் பார்ப்பது?

அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் இருந்தால் போதாது. நாம் சேரும் அந்தப் படிப்புக்கு, அந்த ஆண்டுக்கு, அந்த முறைக்கு இருக்க வேண்டும். நம் மாநிலத்திலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பழம்பெரும் பல்கலைக்கழகம், அதில் ஐயமில்லை. ஆனால் அதன் தொலைதூரப் படிப்புகளுக்கான அங்கீகாரம் 2014-15 கல்வியாண்டு வரைதான் இருந்தது என்று 2022இல் யு.ஜி.சி. பகிரங்கமாக அறிவித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் நல்லெண்ணத்தோடு சேர்ந்தவர்களின் கவலையை எண்ணிப் பாருங்கள். பெயரை மட்டும் பார்த்துச் சேரக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

யு.ஜி.சி.யின் தொலைதூரக் கல்விப் பிரிவு, எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் படிப்பை எந்த ஆண்டில் நடத்தலாம் என்ற பட்டியலைத் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. சேரும் நாளில் அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து மார்க் ஷீட்டுகளோடு வைத்துக்கொள்ளுங்கள். 2024 முதல், தொலைதூரக் கல்வியிலோ ஆன்லைனிலோ சேரும் ஒவ்வொருவரும் அந்தத் தளத்தில் தங்களுக்கென்று ஒரு "டி.இ.பி. ஐ.டி." எண்ணை உருவாக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு மாணவரின் அகாடமிக் பேங்க் ஐ.டி. தேவை. இந்த எண்ணைக் கேட்காமல் சேர்த்துக்கொள்கிறோம் என்று ஒருவர் சொன்னால், அங்கேயே சந்தேகப்பட வேண்டும்.

கடைத்தெருவில் "எந்த டிகிரியும் ஒரே வருடத்தில்" என்று போர்டு வைத்திருப்பவர்களிடம் போக வேண்டாம். தொலைதூரக் கல்வி மையங்களைப் பிரான்சைஸ் முறையில் தனியாருக்கு விடுவதை யு.ஜி.சி. விதிகள் தடை செய்கின்றன. கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலேயே கட்டி, ரசீதை நம் பெயரில் வாங்க வேண்டும்.

அடுத்தது வரிசை. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, மூன்றாண்டுப் பட்டம், அதன் பிறகு முதுநிலை என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும். அடிப்படைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலை முறையில் பெற்ற முதுநிலைப் பட்டத்தை 2009இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசும் அரசு வேலைக்கு இந்த வரிசை கட்டாயம் என்று ஆணை பிறப்பித்தது. வரிசையில் ஓட்டை இருப்பவர் இரண்டு முதுநிலைப் பட்டம் வாங்கினாலும் அந்த ஓட்டை அடையாது.

வரிசை சரியாக இருந்து, அங்கீகாரமும் இருந்தால், தொலைதூரப் பட்டமும் ஆன்லைன் பட்டமும் ரெகுலர் பட்டத்துக்கு இணையானவை என்று 2022 செப்டம்பரில் யு.ஜி.சி. தெளிவுபடுத்தியிருக்கிறது.

நேரம் இருக்கிறதா?

சட்டத்தைவிடக் கடினமான கேள்வி இதுதான். தொலைதூரக் கல்வியில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. இரண்டாண்டு முதுநிலைப் படிப்புக்கு 80 கிரெடிட் என்று வைத்துக்கொண்டால் 2400 மணி நேரம். இரண்டு ஆண்டுகளில் 104 வாரங்கள். வாரத்துக்குச் சுமார் 23 மணி நேரம். அதாவது ஞாயிறு உட்பட ஒவ்வொரு நாளும் மூன்று மணி நேரத்துக்கு மேல்.

ரெகுலர் கல்லூரியில் வாரத்துக்கு 30 மணி நேரம் வகுப்பு. அதற்கு வீட்டில் படிக்கும் நேரம் தனி. ரயிலிலும் பஸ்சிலும் போகும் நேரம் தனி. வீட்டு வேலையும் டியூஷன் எடுப்பதும் இருந்தால் அதுவும் தனி. இத்தனையையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். பல வீடுகளில் அந்தத் தாளே பதில் சொல்லிவிடும்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இக்னோவில் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பை அதிகபட்சம் நான்கு ஆண்டுகள் வரை முடிக்கலாம். மூன்று ஆண்டுகளுக்குப் பரப்பினால் வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம். நான்கு ஆண்டுகளுக்குப் பரப்பினால் 12 மணி நேரத்துக்கும் குறைவு. ரெகுலர் படிப்பின் முதல் ஆண்டை நன்றாக முடித்துவிட்டு, இரண்டாம் ஆண்டில் தொலைதூரப் படிப்பைத் தொடங்குபவர்கள் அரியர் இல்லாமல் வெளியே வர வாய்ப்பு அதிகம்.

அரியர் சாதாரண விஷயமல்ல. கல்லூரி உதவிப் பேராசிரியர் வேலைக்கு முதுநிலையில் 55 சதவீத மதிப்பெண் பொதுத் தகுதி. இதர பிற்படுத்தப்பட்டோருக்கு அதில் 5 சதவீதம் தளர்வு உண்டு. முதுநிலை ஆசிரியர் வேலைக்கு 50 சதவீதம். இரண்டு பட்டத்தில் தலா 48 வாங்கியவரைவிட ஒரே பட்டத்தில் 60 வாங்கியவருக்குத்தான் கதவு திறக்கும்.

எதற்காக இரண்டாவது பட்டம்?

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2, வங்கித் தேர்வுகள் ஆகியவற்றுக்குப் பொதுவாக ஏதேனும் ஒரு பட்டம் போதும். இரண்டாவது முதுநிலைப் பட்டம் அங்கே ஒரு மதிப்பெண்கூடக் கூட்டித் தராது. அந்த 2400 மணி நேரத்தைத் தேர்வுக்குப் படிப்பதில் செலவிட்டால் பயன் அதிகம்.

ஆசிரியர் வேலை என்றால், இளநிலையிலும் முதுநிலையிலும் ஒரே பாடம் அல்லது அரசு இணையாக ஏற்ற பாடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பி.எஸ்சி. கணிதம் படித்தவர் ஆசைக்காக எம்.ஏ. ஆங்கிலம் படித்தால், அறிவு கூடும். அதை வைத்து ஆங்கில முதுநிலை ஆசிரியர் ஆக முடியும் என்று எண்ணினால் ஏமாற்றம்தான்.

அப்படியானால் இரண்டாவது பட்டம் யாருக்குப் பயன்படும்? அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே எம்.காம். படிப்பவருக்கு எம்.பி.ஏ. உதவும். சட்டம் படிப்பவருக்கு எம்.ஏ. பொது நிர்வாகம் உதவும். அரபி மதரஸாவில் ஓதும் மாணவருக்குப் பல்கலைக்கழகப் பட்டம் உதவும். மதரஸாவின் ஸனது பல்கலைக்கழகப் பட்டம் அல்ல என்பதால், ஓதிக்கொண்டே ஒரு பட்டம் படிப்பதற்கு யு.ஜி.சி.யின் இரண்டு படிப்பு வரம்பு குறுக்கே வராது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் அஃப்ழலுல் உலமா போன்ற பல்கலைக்கழகத் தேர்வையும் எழுதுபவர்கள் மட்டும் அதை ஒரு படிப்பாகக் கணக்கில் வைத்துக்கொண்டு பல்கலைக்கழகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் ஒரு வார்த்தை

நம் வீடுகளில் தொலைதூரக் கல்வி பெண் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய துணை. நிக்காஹ் முடிந்து பூந்தமல்லியிலிருந்து வேறு ஊருக்குப் போனாலும் படிப்பு கூடவே போகும். கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கும் சகோதரியும் அசைன்மென்ட் எழுதி அனுப்பலாம். இதற்கு நாம் நன்றி செலுத்த வேண்டும்.

ஆனால் ரெகுலரில் இடம் கிடைத்த பெண்ணிடம், "அதுக்குப் பதிலா கரஸ்ல ரெண்டு டிகிரி படிச்சுக்கோம்மா" என்று சொல்வது வேறு விஷயம். சட்டத்தின் கண்ணில் பட்டங்கள் சமம். ஆய்வுக்கூடம், நூலகம், ஆசிரியரிடம் எழுந்து கேள்வி கேட்கும் தைரியம், வேலை பற்றித் தகவல் சொல்லும் தோழிகள் ஆகியவை தபாலில் வராது. முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் 2007 முதல் நம் பிள்ளைகளுக்குக் கல்லூரிகளில் இடம் கிடைத்து வருகிறது. கிடைத்த இடத்தை விட்டுவிட்டு, அதை இரண்டு பட்டங்களால் ஈடுகட்டலாம் என்று நினைப்பது சரியான கணக்கல்ல. முடிந்தவரை ஒன்று ரெகுலராக இருக்கட்டும். அதோடு மற்றொன்று சேரட்டும்.

இளநிலை படிக்கும் மகள்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. தொலைதூரக் கல்வியில் படிப்பவர்களுக்கு அது கிடைக்காது. தேசிய உதவித்தொகை இணையதளத்திலும் ஒரு மாணவர் ஒரே நேரத்தில் ஒரு திட்டத்தில்தான் பயன் பெற முடியும். இரண்டு படிப்பைக் காட்டி இரண்டு உதவித்தொகை வாங்குவது பின்னால் திருப்பிக் கட்ட வேண்டிய கடனாகிவிடும். இரண்டாவது படிப்பின் கட்டணம், தேர்வுக் கட்டணம், போக்குவரத்து எல்லாம் குடும்பத்தின் கையிலிருந்துதான் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். வட்டிக்கு வாங்கிப் படிக்க வேண்டிய தேவை இரண்டாவது பட்டத்துக்கு இல்லை. முதல் பட்டம் வேலை தந்த பிறகு அதைப் படித்தால் போதும்.

சேரும் முன் ஆறு கேள்விகள்

1. இரண்டு படிப்புகளையும் ஒரே நேரத்தில் படிக்கப் பல்கலைக்கழகம் அனுமதிக்கிறதா? பதில் எழுத்தில் அல்லது மின்னஞ்சலில் கையில் இருக்கிறதா?

2. தொலைதூரப் படிப்பு, நாம் சேரும் ஆண்டுக்கான யு.ஜி.சி. பட்டியலில் இருக்கிறதா? டி.இ.பி. ஐ.டி. எடுத்தாகிவிட்டதா?

3. துறைக்கான கவுன்சில் விதி இதைத் தடுக்கிறதா?

4. ஒரிஜினல் டி.சி. எங்கே இருக்கும்? மற்றவர்கள் நகலை ஏற்பார்களா?

5. இரண்டு தேர்வு அட்டவணைகளும் மோதுகின்றனவா? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உண்மையில் கையில் இருக்கிறது?

6. இந்த இரண்டாவது பட்டம் எந்த வேலைக்கு, எந்தத் தேர்வுக்கு, எந்த ஆசைக்கு? ஒரே வரியில் பிள்ளையால் சொல்ல முடிகிறதா?

ஆறாவது கேள்விக்குப் பதில் இருந்தால் மற்ற ஐந்துக்கும் அலைந்து பதில் தேடலாம். "சும்மா ஒரு டிகிரி இருக்கட்டுமே" என்பதுதான் பதில் என்றால், முதல் பட்டத்தை நல்ல மதிப்பெண்ணோடு முடிப்பதே அந்தப் பிள்ளைக்கு நாம் செய்யும் பேருதவி. அறிவுக்காகப் படிக்கிறேன் என்று சொல்லும் பிள்ளையைத் தடுக்க வேண்டாம். அதுவும் தெளிவான பதில்தான்.

அடுத்த சேர்க்கை அறிவிப்பு வரும்போது பிள்ளைகளை உட்கார வைத்து இந்த ஆறு கேள்விகளையும் சேர்ந்து பேசுங்கள். முடிவை அவர்களோடு சேர்ந்து எடுங்கள். நம் பிள்ளைகளின் உழைப்புக்கும் நேரத்துக்கும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.